தவணைப் பாக்கி தெரியுது, மனபாரம் தெரியுதா?

இந்த மாதப் பாடம்: ஓட்டல், லாட்ஜ், சமையல் வேலைக்குப் போகும் சகோதரிகளின் மனநலம்

(சேமிப்பு, கடன் வேலைகள் முடிந்த பிறகு இந்தப் பாடத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். கடைசியில் உள்ள கேள்விகளைப் பேசி முடித்த பிறகே கூட்டத்தை முடியுங்கள்.)



சோழவரம், செங்குன்றம், மீஞ்சூர் பக்கத்து ஊர்களிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து மாதவரம் வந்து வேலை செய்கிற சகோதரிகள் நம் குழுக்களில் பலர் இருக்கிறார்கள். ஓட்டலில் காய் நறுக்குபவர், மாவு அரைப்பவர், பாத்திரம் கழுவுபவர், டேபிள் துடைப்பவர் உண்டு. லாட்ஜில் அறை சுத்தம் செய்து பெட்ஷீட் மாற்றுபவர் உண்டு. கம்பெனி கேண்டீனுக்கும், கல்யாண மண்டபத்துக்கும் சமையல் கான்ட்ராக்டரோடு போகிறவர்களும் உண்டு. ஊருக்கெல்லாம் சோறு போடும் வேலை இது. ஆனால் "நீ சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று இவர்களைக் கேட்பவர் யார்?

இந்தப் பாடத்தை எங்கள் தவறு ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

எங்கள் தவறு

2020-ஆம் ஆண்டு. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. மாதவரம் பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் ஆந்திரா பஸ்கள் நின்றன. பஸ் இல்லை என்றால் பயணி இல்லை. பயணி இல்லை என்றால் லாட்ஜுக்கும் டிபன் கடைக்கும் வேலை இல்லை. ஓட்டல்களில் பார்சல் மட்டும்தான். பார்சல் கட்ட இரண்டு பேர் போதும். டேபிள் துடைக்க ஆள் எதற்கு?

நம் குழு ஒன்றில் இருந்த ஒரு சகோதரி அப்போது லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். அந்த மாதம் வேலை பார்த்த நாளுக்குக் கூலி கொடுத்து, "திறந்தா கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். பல மாதம் கூப்பிடவே இல்லை.

ஊரடங்கு தளர்ந்து குழுக் கூட்டம் மறுபடியும் ஆரம்பித்தபோது அவர் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வரவில்லை. மூன்றாவதற்கும் இல்லை. வருகைப் பதிவேட்டில் "வரவில்லை" என்று எழுதினோம். கடன் பேரேட்டில் "மூன்று தவணை பாக்கி" என்று எழுதினோம். அபராதமும் எழுதினோம். "பாக்கி சேர்ந்தால் குழுவின் பெயர் கெடும், சீக்கிரம் வசூல் பண்ணுங்க" என்று ஊக்குநரிடம் சொன்னது நாங்கள்தான்.

ஒருநாள் பக்கத்து வீட்டு உறுப்பினர் சொன்னார்: "மேடம், அது ராத்திரி தூங்கறதே இல்ல. தலைகூட வாரறது இல்ல. பசங்க சோறு கேட்டாக்கூட செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கு." அன்றைக்கே ஊக்குநரோடு அவர் வீட்டுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. "பணம் கேக்கத்தானே வந்தீங்க மேடம்?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு எங்களிடம் பதில் இல்லை. மூன்று மாதமாக அவருடைய பாக்கியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். அவரை எண்ணவில்லை.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறோம். பிறகு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

ஓட்டல் வேலை போனால் என்னென்ன போகிறது?

கூலி போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டலில் வேலை செய்பவருக்கு அதோடு இன்னும் சிலவும் போகின்றன.

முதலில் சாப்பாடு. இரண்டு வேளை கடையிலேயே சாப்பிடுவார். மிச்சம் இருந்தால் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வரும். வேலை நின்றால் அதே நாளில் வீட்டு அரிசிச் செலவு ஏறுகிறது. அடுத்தது கைக்காசு. டிப்ஸ், பேட்டா என்று அன்றாடம் கிடைக்கும் ஐம்பது, நூறு ரூபாயில்தான் பஸ் செலவும் பிள்ளைகளின் தின்பண்டமும் ஓடும். மூன்றாவது துணை. கூட வேலை செய்யும் நாலு பெண்களோடு பேசிச் சிரித்துதான் பல பேர் வீட்டுக் கஷ்டத்தை இறக்கி வைக்கிறார்கள். வேலை நின்றால் அந்தப் பேச்சும் நின்றுவிடுகிறது.

இவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து மூலமான வேலை உத்தரவு கிடையாது. அதனால் கஷ்ட காலம் வந்தால் முதலில் நிறுத்தப்படுவதும், கடைசியில் திரும்ப அழைக்கப்படுவதும் இவர்கள்தான். "நம்மள எப்பவும் எடுத்துடலாம்" என்ற பயம் வேலை இருக்கும் நாளிலும் மனதை அரிக்கும்.

வேலை நிற்காதவர்களுக்கும் பாரம் உண்டு

2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. பழம், பூ வியாபாரம் மாதவரம் பஸ் நிலையத்துக்கு மாற்றப்பட்டது. லாரியும் கூட்டமும் அங்கே வந்தன. அந்தக் கூட்டத்துக்கு டீ, டிபன் கொடுக்கப் போனவர்களுக்கு வருமானம் கொஞ்சம் வந்தது. கூடவே "நோயை வீட்டுக்குக் கொண்டு போயிடுவோமோ" என்ற பயமும் வந்தது.

அம்மா உணவகத்தை நினைத்துப் பாருங்கள். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி ஆரம்பித்த உணவகம். ஒரு ரூபாய்க்கு இட்லி, 5 ரூபாய்க்கு சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம். அங்கே சமைப்பதும் பரிமாறுவதும் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். ஊரடங்கில் எல்லாக் கடையும் மூடியபோதும் அம்மா உணவகம் மூடவில்லை. சில காலம் இலவசமாகவும் சாப்பாடு கொடுத்தது. மற்றவர்கள் வீட்டுக்குள் இருந்தபோது இந்தப் பெண்கள் முகக்கவசம் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார்கள். அப்போது அவர்களுக்குத் தினக்கூலி 300 ரூபாய். 2024-இல்தான் 325 ரூபாய் ஆனது.

நாங்கள் பேசிய சில பெண்கள், வீட்டு வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே போனோம் என்றார்கள். தெருக்காரர்கள் ஒதுங்கிப் போனதைச் சொல்லி அழுதவர்களும் உண்டு. வேலை போனவருக்குப் "பிள்ளைகளுக்கு என்ன போடுவது?" என்ற கவலை. வேலை இருந்தவருக்குப் "பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்துவிடுவேனோ?" என்ற கவலை. கவலை வேறாக இருந்தாலும் இரண்டு வீட்டிலும் தூக்கம் இல்லை.

கஷ்ட காலம் கொரோனாவோடு போய்விடவும் இல்லை. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் மணலி, எண்ணூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. எண்ணூரில் எண்ணெய்க் கழிவும் கலந்து, வலைக்குப் போகிறவர்களின் பிழைப்பும் கெட்டது. மீன் வரத்து குறைந்தால் மீன் சாப்பாட்டுக் கடையும் மெஸ்ஸும் படுத்துவிடும். அங்கே பாத்திரம் கழுவுகிற சகோதரிக்கும் அடி விழும். அதனால் இந்தப் பாடம் எப்போதும் தேவை.

மனபாரத்தை எப்படி அடையாளம் காண்பது?

நம் பெண்கள் "மனசு சரியில்லை" என்று நேரடியாகச் சொல்வது அபூர்வம். உடம்பைத்தான் சொல்வார்கள். தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, கை கால் அசதி, சாப்பாடு இறங்கல என்பார்கள். ரத்தம் சோதித்தால் சில சமயம் ஒன்றும் இருக்காது. "ஒண்ணும் இல்லியாம், நடிக்கிறா" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது நடிப்பு இல்லை. மனதின் பாரம் உடம்பில் வலியாக வருவது உண்மை.

கீழே சொல்பவற்றில் பல அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும் இருந்தால் கவனிக்க வேண்டும்:

1. தூக்கம் வராமை, அல்லது விடிய மூன்று மணிக்கே விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமை
2. பசி இல்லாமை, உடல் மெலிதல்
3. முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமை. டிவி, கோயில், பேரப்பிள்ளை எதுவும் பிடிக்கவில்லை
4. காரணமில்லாமல் அழுகை, அல்லது அடக்க முடியாத எரிச்சல்
5. "நான் எதுக்கும் லாயக்கில்ல", "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்ற பேச்சு
6. குளிக்க, தலை வாரக்கூட மனமில்லாமை
7. "போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி" என்ற பேச்சு. இது ஒரு முறை வந்தாலும் போதும். இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது

நம் குழுவுக்கு மட்டும் தெரியும் இரண்டு அறிகுறிகள் இன்னும் உண்டு. ஒன்று, தவறாமல் வருபவர் கூட்டத்துக்கு வராமல் போவது. இரண்டாவது, ஒழுங்காகக் கட்டுபவருக்குத் தவணை நிற்பது. டாக்டருக்கும் வீட்டாருக்கும் தெரிவதற்கு முன்னால் நம் பதிவேட்டுக்கு இது தெரிந்துவிடுகிறது.

குழு என்ன செய்யலாம்?

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-இல் சாதாரணப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனபாரம் உள்ளவர் வந்து உட்காருவார். பாட்டி கேட்பார். பல பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று இருவரும் பேசி முடிவெடுப்பார்கள். இதனால் மனச்சோர்வு குறைந்ததை ஆராய்ச்சியிலும் உறுதி செய்தார்கள். அந்த ஊர் மொழியில் மனச்சோர்வுக்குச் சொல்லும் வார்த்தைக்கு "அதிகமாக யோசிப்பது" என்று அர்த்தம். நாமும் "ரொம்ப யோசிக்கிறேன்" என்றுதானே சொல்கிறோம்! அந்தப் பாட்டிமார்கள் செய்ததை நம் குழுவிலும் செய்யலாம்.

முதல் படி, தேடிப் போவது. ஒருவர் இரண்டு கூட்டம் தொடர்ந்து வராவிட்டால், அபராதம் எழுதும் முன் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் பேரேடு வேண்டாம். "உன்னைக் காணோமே, பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சொன்னால் போதும்.

இரண்டாவது, காது கொடுப்பது. அறிவுரை சொல்ல அவசரப்படாதீர்கள். "எல்லாருக்கும்தான் கஷ்டம்", "தைரியமா இரு", "நாலு பிள்ளை பெத்தவ அழலாமா" என்பதெல்லாம் நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கேட்பவருக்கு வாயை மூடச் சொன்னது போல ஆகிவிடும். "அப்புறம் என்ன ஆச்சு?" "ராத்திரி தூங்கறியா?" என்று கேளுங்கள். அழுதால் அழ விடுங்கள்.

மூன்றாவது, நேராகக் கேட்பது. "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆகாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்பதால் பாரம் இறங்குகிறது. "ஆமாம்" என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை எட்டாமல் வையுங்கள். அன்றே உதவிக்கு அழையுங்கள்.

நான்காவது, ஒரு பிரச்சினையை மட்டும் எடுப்பது. கடன், வாடகை, புருஷன் குடி, பிள்ளை பீஸ் எல்லாம் சேர்ந்துதான் மலையாகத் தெரியும். இந்த வாரம் எது அவசரம், அதற்கு முதல் வேலை என்ன என்று கேளுங்கள். ரேஷன் வாங்கித் தருவதாகவும் இருக்கலாம், வேறு மெஸ்ஸில் வேலை கேட்பதாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் மறுபடி போய் விசாரியுங்கள்.

ஐந்தாவது, ரகசியம் காப்பது. அவர் சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதக் கூடாது. தண்ணீர்க் குழாயடியில் பேசக் கூடாது. ஒருமுறை வெளியே போனால் அடுத்த சகோதரி வாய் திறக்க மாட்டார்.

கடனை என்ன செய்வது?

"பாவம் பார்த்தால் குழு எப்படி நடக்கும்? மத்தவங்க கஷ்டப்பட்டுக் கட்டலியா?" என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. உள்கடனைப் பொறுத்தவரை தவணையைச் சிறிதாக்கவும், சில மாதம் தள்ளி வைக்கவும், அபராதத்தை விடவும் குழுவே தீர்மானம் போட முடியும். "வேலை இழப்பு காரணமாக" என்று மட்டும் எழுதினால் போதும். நாளைக்கு யாருக்கு வேலை போனாலும் இதே விதி என்று எழுதிவிட்டால் பாரபட்சமும் இல்லை.

வங்கிக் கடன் அப்படி இல்லை. குழு மட்டும் முடிவெடுக்க முடியாது. தவணை நிற்பதற்கு முன்பே ஊக்குநரும் பிரதிநிதிகளும் போய் மேலாளரிடம் பேச வேண்டும். 2020-இல் ரிசர்வ் வங்கி தவணைகளை ஆகஸ்ட் 31 வரை தள்ளி வைக்க அனுமதித்தது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. இது தெரியாமல் பிறகு கணக்கைப் பார்த்து அதிர்ந்த சகோதரிகள் பலர். அதனால் "தள்ளி வைத்தால் வட்டி எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

மைக்ரோ பைனான்ஸ் வசூலுக்கும் விதி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டவோ, கெட்ட வார்த்தை பேசவோ, உறவினரைத் தொல்லை செய்யவோ கூடாது. கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. வாசலில் நின்று கத்தினால் ஒரு பெண் தனியாக நிற்க வேண்டாம். குழுவாக நில்லுங்கள்.

டாக்டரிடம் போவது அவமானம் இல்லை

"கீழ்ப்பாக்கம்" என்பதைத் திட்டும் வார்த்தையாகவே வைத்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்வு கொடுத்த இடம். இன்று அங்கேதான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துச் சகோதரிகள் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நாலு நாளில் நிறுத்தக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று டாக்டரைக் கேட்காமல் விடவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து நேரத்தை வீணாக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குத் தண்டனை கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்கிறது.

இந்த எண்களைக் குழுப் பதிவேட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்:

14416 - மனநல ஆலோசனை (டெலி மானஸ்). 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்
104 - அரசு மருத்துவ ஆலோசனை
044-24640050 - சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம், சென்னை
181 - பெண்கள் உதவி எண் (வீட்டில் அடி, வன்முறை இருந்தால்)
108 - உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ்

வேலை செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

எல்லோருக்கும் பரிமாறிய பிறகு நாலு மணிக்குச் சாப்பிடுவதைப் பழக்கமாக்காதீர்கள். வெறும் வயிற்றில் கவலை இரண்டு மடங்காகத் தெரியும். கஸ்டமரோ மாஸ்டரோ திட்டினால் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், பஸ்ஸில் கூட வரும் தோழியிடம் சொல்லிவிடுங்கள். படபடப்பு வந்தால் ஒரு ஓரமாக உட்கார்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். பத்து முறை செய்தால் நெஞ்சு அடங்கும். இதனால் வேலைப் பளு குறையாது, கூலியும் ஏறாது. அதற்கு நாம் சேர்ந்துதான் கேட்க வேண்டும். ஆனால் கேட்கத் தெம்பு வேண்டுமே!

அந்தச் சகோதரி என்ன ஆனார்?

அன்று நாங்கள் பணம் பற்றிப் பேசவில்லை. ஊக்குநர் அடுப்பு பற்ற வைத்துக் கஞ்சி போட்டார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் பேசினார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு உறுப்பினர் அவரோடு அரசு மருத்துவமனைக்குப் போனார். மாத்திரை ஆரம்பித்தார்கள். குழு அபராதத்தை விட்டு, தவணையைப் பாதியாக்கித் தீர்மானம் போட்டது. மெல்லத் தேறி, ஒரு கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தார்.

2021 மே 10-ஆம் தேதி மறுபடி முழு ஊரடங்கு வந்தது. கேண்டீன் வேலை நின்றது. இந்த முறை நாங்கள் போகும் முன் அவரே போன் செய்தார். "மேடம், ராத்திரி தூக்கம் போச்சு. அதே மாதிரி திரும்ப வருது. இப்பவே டாக்டரப் பாத்துடலாமா?" என்றார். பார்த்தோம். இப்போது அவருடைய குழுவில் யாராவது இரண்டு கூட்டம் வராவிட்டால், முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது அவர்தான்.

குழுவில் பேசுங்கள்:

1. நம் குழுவில் ஓட்டல், லாட்ஜ், சமையல் வேலைக்குப் போகிறவர்கள் யார் யார்? அவர்களுக்கு வேலை எப்போதெல்லாம் நிற்கிறது?
2. கடந்த மூன்று கூட்டத்துக்கு வராதவர் யார்? அவர் வீட்டுக்குப் போகும் இரண்டு பேர் யார்? எந்த நாள்?
3. வேலை இழந்த உறுப்பினரின் உள்கடன் தவணை பற்றி நம் குழுவில் விதி இருக்கிறதா? இல்லை என்றால் இன்றே தீர்மானம் போடலாமா?
4. உதவி எண்களைப் பதிவேட்டு அட்டையில் எழுதியாயிற்றா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது பாக்கி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், யார் வரவில்லை, அவரைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்போம்.